குங்குமம் வைத்த எரிமலைக் கல்

அந்தப் பெட்டிகள் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கிய நாள் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ராஜபாளையத்தில் எங்களுக்கு பேண்டேஜ் துணி வியாபாரம். தறியிலிருந்து வரும் கோராத் துணியை வாங்கி, வெளுத்து, காயவைத்து, சுருட்டி, மருத்துவமனைகளுக்கு அனுப்புவோம். லாரி வந்து நின்றால் துணி ஏற்றத்தான் என்று தெருவுக்கே தெரியும். அன்றைக்கு வந்த லாரி எதையும் ஏற்றவில்லை. நீள நீளமான மரப்பெட்டிகளை இறக்கியது. ஒரு பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. லோடுமேன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, அம்மிக் குழவியா மொத்தமா வாங்கிட்டீகளா?" என்று என் அம்மாவிடம் கேட்டான். உள்ளே வரிசையாக உருளைக் கற்கள். மணிக்கட்டுப் பருமன். சில சாண் நீளம், சில விரல் நீளம். ஒரு பெட்டி முழுக்கக் கறுப்பு, மற்றவற்றில் சாம்பலும் செம்மண் நிறமும். அம்மா என் அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "ஏட்டி, ஒங்கப்பா சீர்ல பாக்கி வச்சதத்தான் அனுப்பியிருக்காரா?" என்றாள். மதினி கொஞ்சமும் அசரவில்லை. "இல்ல அத்தை, இது நானே சம்பாரிச்சது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் ஒரு முனையைத் தானே பிடித்தாள்.

எனக்கும் மதினிக்கும் ஒரே வயது. முறைக்கு மதினி, பழக்கத்துக்குத் தோழி. என்னை அடுத்த தெருவிலேயே கட்டிக்கொடுத்திருந்ததால் பகலெல்லாம் அம்மா வீட்டுக் குடோனில்தான் கிடப்பேன். அவளுக்குச் சொந்த ஊர் மம்சாபுரம். நிலவியல் படித்து, முனைவர் பட்டத்துக்கான ஆய்வைப் பாதியில் வைத்துக்கொண்டு கழுத்தை நீட்டியவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை பார்த்தாள். பட்டம் கைக்கு வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். காலையில் சமைத்து வைத்துவிட்டு பஸ் ஏறுவாள், சாயங்காலம் வந்து முகம் கழுவியதும் குடோன் மூலையில் அந்தப் பெட்டிகளின் முன்னால் போய் உட்காருவாள். என் அண்ணன் நல்லவன், ஆனால் கல்லோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று நண்பர்கள் கிண்டல் செய்தால் அவனுக்குப் பொறுக்காது.

ஒரு நாள் நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மேடையைத் தட்டிக் காட்டி, "இந்தக் கடப்பாக் கல்லு எங்கருந்து வருது தெரியுமா?" என்று கேட்டாள். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலருந்து" என்றேன். தலையில் ஒரு குட்டு வைத்தாள். ஆந்திரத்தில் ஒரு மாபெரும் பள்ளம் இருந்ததாம். பழங்காலக் கடல் அதில் வந்து நின்று, சேறும் மணலும் சுண்ணமும் அடுக்கடுக்காகப் படிந்து, கெட்டியாகிக் கல்லானதாம். அதைத்தான் அறுத்து நம் வீட்டு அடுக்களைக்கும் அலமாரிக்கும் போடுகிறோம். அந்த அடுக்குகளுக்கு நடுவே அங்கங்கே கறுப்பாக எரிமலைக் கல்லும் கிடக்கிறது. அதற்குப் பெயர் பசால்ட். ஒரு கம்பெனி கனிமம் தேடி ஆழமாகத் துளை போட்டு உருளை உருளையாக எடுத்த கற்களில் அந்தக் கறுப்பும் வந்திருந்தது. தேடியது கிடைக்காமல் கம்பெனி கிடங்கைக் காலி செய்தபோது, தூக்கி எறிய இருந்ததை மதினி எழுதிக் கேட்டு வாங்கிவிட்டாள். அந்தக் கறுப்புக் கல்லுக்கு என்ன வயது, அது எங்கிருந்து வந்தது என்பதுதான் அவளுடைய ஆய்வு.

இதில் சண்டை எங்கே என்றுதானே கேட்பீர்கள்? நானும் கேட்டேன். அவளுக்கு நெறியாளராக இருந்த பேராசிரியர் அந்தப் பள்ளத்தை, அதாவது கடப்பாப் படுகையைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். எல்லா அடுக்கும் படிந்து இறுகிப்போய் வெகுகாலம் கழித்து, கீழேயிருந்து எரிமலைக் குழம்பு வந்து இடுக்கில் புகுந்துகொண்டது, ஆகவே கறுப்புக் கல் வயதில் சின்னது என்பது அவர் கட்சி. மதினி இல்லை என்றாள். கடல் நின்று சேறு படிந்துகொண்டிருந்த காலத்திலேயே குழம்பு வெளியே வந்து தரைமேல் ஓடியது, அதன்மேல் மறுபடி சேறு படிந்தது, ஆகவே நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான அந்த அடுக்குகளும் இந்தக் கல்லும் ஒரே வயது என்பது அவள் கட்சி. அதோடு விடவில்லை. பூமியின் ஆழத்திலிருந்து ஒரு வெப்பத்தூண் மேலேறி வந்து அடியில் முட்டியதால்தான் தரை இளகி, விரிந்து, அந்தப் பள்ளமே உண்டானது என்றாள். பேராசிரியர் ஒரு துண்டை எடுத்து வயது பார்த்து, சின்ன வயதுதான் வருகிறது என்று எழுதியிருந்தார். அது தண்ணீர் புகுந்து கெட்டுப்போன துண்டு, அப்படிப்பட்ட கல் தன் வயதைக் குறைத்துத்தான் சொல்லும் என்பாள் மதினி. எங்கள் தெருவிலும் அப்படிச் சிலர் உண்டு என்று நான் சொல்ல, இருவரும் சிரிப்போம்.

ஆனால் ஓரிடத்தில் அவளுக்குச் சிரிப்பு வராது. தரைமேல் ஓடிய குழம்பு என்றால் அதன் மேல்பக்கம் முழுக்கக் குமிழ் இருக்கவேண்டும். ஆப்பத்துக்கு மேலேதானே கண் விழும்? அதுபோல. அந்தப் பெட்டியில் கறுப்புக் கல்லுக்குக் குமிழ் இருந்தது, ஆனால் அடிப்பக்கம் இருந்தது. பேராசிரியர் தன் புத்தகத்தில் இதே துளையின் கல்லைக் காட்டித்தான் அடித்துப் பேசியிருந்தார். கல்லைச் சீவி உருப்பெருக்கியில் பார்த்தால் மதினிக்குச் சாதகமாக இருக்கும், பெட்டியைத் திறந்தால் பாதகமாக இருக்கும். "கல்லு பொய் சொல்லாதுட்டி. எங்கயோ மனுசன்தான் சொல்லியிருக்கான். எங்கன்னுதான் தெரியல" என்பாள். அந்த ஐப்பசியில் பேராசிரியர் நேரில் வந்து பெட்டியைப் பார்த்து, ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு சொல்வதாக இருந்தது.

அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. எங்களைப் போன்ற தொழில்காரர் வீட்டில் தீபாவளியைவிட அதுதான் பெரிது. அன்றைக்குக் குடோனில் கழுவாத பொருள் இருக்கக்கூடாது. வெளுக்கிற தொட்டி, தராசு, கத்தரிக்கோல், சுருட்டுகிற மெஷின், அண்ணனின் பைக், எல்லாம் குளித்துச் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கும். மதினி கல்லூரியில் பூஜை என்று காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டாள். நானும் மாமியார் வீட்டுப் பூஜையில் மாட்டிக்கொண்டேன். அம்மா தனியாக நின்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்திருக்கிறாள். மூலையில் மருமகளின் பெட்டிகள் தூசியோடு கிடந்தன. அதுவரை அந்தக் கற்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள் அவள். அன்றைக்கு என்ன தோன்றியதோ, "அவளுக்கு அதுதானட்டி தொழிலு, அத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்" என்று வேலைக்கார அம்மாக்களிடம் சொல்லி, கறுப்புக் கல் இருந்த பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் நான் போனபோது மதினியும் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் வெள்ளை பேண்டேஜ் துணி விரித்து, அதன்மேல் கறுப்புக் கற்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை அழகாக வரிசைப்படுத்தி வைத்திருந்தார்கள். பளபளவென்று கழுவி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. இங்க் பேனாவால் போட்டிருந்த குறிகள் எல்லாம் போயிருந்தன. இரண்டு முனையிலும் ஆழத்தை எழுதி வைத்திருந்த மரக்கட்டைகளைக் காணவில்லை. கேட்டதற்கு, கட்டையெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டதாக அம்மா சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது, மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.  மதினி அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "கழுவுனது தப்பாட்டி? ஒனக்கு நல்லது வரணும்னுதான..." என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அண்ணன் அம்மாவைத் திட்ட வாயெடுத்தான். மதினி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

மறுநாள் விஜயதசமி, குடோனுக்கு விடுமுறை. நான் போனபோது மதினி பேண்டேஜ் துணியை ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை விரித்திருந்தாள். முகத்தில் நேற்றைய அழுகை இல்லை, ஒரு முரட்டுப் பிடிவாதம் இருந்தது. "எல்லாரும் வந்து உக்காருங்க. ஒடஞ்ச கல்லுக்கு ஒடஞ்ச முகம் இருக்கு. அதது அதனோட ஜோடிகிட்டத்தான் போய் ஒட்டும். வேற எதுகூடயும் ஒட்டாது" என்றாள். அம்மா, அண்ணன், நான், அவள், நாலு பேரும் ஆளுக்கு இரண்டு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பொருத்தினோம். அம்மா நிறம் பார்த்து ஜோடி சேர்த்தாள், சேலைக்கு ஜாக்கெட் துணி எடுப்பதைப் போல. அவள் சேர்த்தது ஒன்றும் சேரவில்லை. அண்ணன் முதலில் கடமைக்கு உட்கார்ந்தவன், ஒரு ஜோடி டக்கென்று பொருந்தி விரலால் தடவினால் கோடுகூடத் தட்டுப்படாமல் போனதும், சின்னப் பையனைப் போல அடுத்ததைத் தேட ஆரம்பித்துவிட்டான். மதியத்துக்குள் கறுப்புக் கல் முழுதும் ஒரே நீளமாகத் துணிமேல் கிடந்தது, குங்குமப் பொட்டுகளோடு.

இனி அதை இரண்டு பக்கமும் இருந்த மற்றப் பெட்டிகளோடு சேர்க்கவேண்டும். மேலடுக்குப் பெட்டியையும் கீழடுக்குப் பெட்டியையும் யாரும் தொடவில்லை, அவை அப்படியே இருந்தன. மதினி மேலடுக்கின் கடைசிக் கல்லை எடுத்து, பழைய வழக்கப்படி, கறுப்புக் கல்லின் குமிழில்லாத முனையில் வைத்தாள். ஒட்டவில்லை. திருப்பி வைத்தாள். ஒட்டவில்லை. எழுந்து மறு முனைக்குப் போனாள். அங்கே குமிழ் நிறைந்த முகத்தில் அதே கல்லை வைத்து மெல்லத் திருகினாள். அது போய் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. கீழடுக்கின் முதல் கல்லை எடுத்துவந்து குமிழில்லாத முனையில் வைத்தால் அதுவும் போய் உட்கார்ந்தது.

மதினி சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் கிடைத்தது. துளையிடுகிற குழாயை மேலே இழுத்துத் தட்டினால் அடியில் இருக்கும் கல்தான் முதலில் வெளியே விழுமாம். அதைப் பெட்டியின் கடைசியில் வைத்து, பின்னால் விழுவதை முன்னால் அடுக்கிக்கொண்டு வரவேண்டும். என்றைக்கோ யாரோ அசதியில் முதலில் விழுந்ததை முதலில் வைத்துவிட்டார்கள். அந்த ஒரு இழுப்பு முழுவதும் தலைகீழாகிப் போனது. உள்ளுக்குள் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டும் என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. முனைகளைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் முனையில் ஆழம் எழுதிய கட்டை இருக்கும், அங்கே கொஞ்சம் கல் நொறுங்கிப் போயிருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். "நானுந்தான் அப்படி நெனச்சேன். கட்டை அங்கன இருந்தவரைக்கும் பொருத்திப் பாக்கணும்னு தோணவே இல்லையே" என்றாள். குமிழ் மேலேதான் இருந்திருக்கிறது. குழம்பு தரைமேல்தான் ஓடியிருக்கிறது. அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. "அப்போ கழுவுனது தப்பில்லையா?" என்றாள். "தப்புதான் அத்தை. இனிமே கழுவாதீக" என்று சொல்லி அம்மாவின் கன்னத்தைக் கிள்ளினாள் மதினி.

பேராசிரியர் ஐப்பசி மழையில் ஒரு காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், யாரையும் ஏசாத சுபாவம். தட்டில் வைத்த பால்கோவாவை மரியாதையாக ஒரு வாய் சாப்பிட்டார். மதினி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், பூஜை உட்பட. அவர் துணிமேல் கிடந்த கல்லைப் பார்த்தார். சில உருளைகளின் குழியில் குங்குமம் இன்னும் மிச்சமிருந்தது. "பூஜை ஆகிவிட்டதா? அப்படியென்றால் இனி இதில் ஆராய்ச்சி இல்லை அம்மா, அபிஷேகம்தான்" என்று புன்னகை செய்தார். கலைந்துபோன கல்லை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம் என்றார். மதினி இரண்டு கற்களை எடுத்து நீட்டி, "சார், நீங்களே பொருத்திப் பாருங்க. எந்தப் பக்கம் வேணும்னாலும் வச்சுப் பாருங்க" என்றாள். அவர் வாங்கவில்லை. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எடுத்தார். கறுப்புக் கல்லைப் பிற்காலத்தில் இடையில் புகுந்த பாறை என்று மாற்றி எழுதி, அவள் ஒப்பமிட்டுக் கொடுத்தால், தானும் அங்கேயே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அவள் வேலையைப் பற்றியும் அக்கறையாக விசாரித்தார். எனக்கு அந்த அக்கறையைத்தான் தாங்க முடியவில்லை. உரத்த குரலில் மிரட்டியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அண்ணன் மதினியின் காதோரம் குனிந்து, "போட்டுக் குடுத்துரு. நமக்குத் தெரிஞ்சாப் போதாதா? வேல நெலச்சுரும்ல" என்றான். அவன் சொன்னதில் துரோகம் ஒன்றுமில்லை, வீட்டுக்கு மூத்தவனின் கவலைதான். மதினி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்தாள்.  அப்போது அம்மா கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள். அவள் வெளியாட்களிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. "சார், கலச்சது நான். ஏசுறதுன்னா என்னை ஏசுங்க. அவ நீட்டுறத ஒருக்கா கையில வாங்கிப் பாத்தா என்னவாம்?" என்றாள். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாதம்மா" என்றார் அவர். "புரியாதுதான். ஆனா தெரிஞ்சுக்கிட்டே மாத்தி எழுதுனா அதுக்குப் பேரு என்னன்னு எனக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "கையெழுத்துப் போடாதட்டி. வேல போனாப் போகுது. குடோன்ல எம்புட்டு வேல கெடக்கு." மதினி பேனாவை மூடி, தாளோடு சேர்த்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அவர் மழைக்குள் இறங்கிப் போனார்.

வேலை போனது. பட்டமும் போனது. வார்த்தைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மறு வருஷத்திலிருந்து மதினி எங்களோடு குடோனில் நின்று துணி சுருட்டினாள். பின்னாளில் கணக்கும் அனுப்புதலும் அவள் கைக்கு வந்தன. ஆனால் கல்லை விடவில்லை. வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பழைய தோழிக்கு, கறுப்புக் கல்லின் நடுப்பகுதியிலிருந்து, தண்ணீர் படாத நல்ல துண்டாகப் பார்த்து அனுப்பினாள். அதைப் பேண்டேஜ் துணியில் சுற்றிப் பார்சல் போட்டவள் நான். வயது வந்தது, அடுக்குகளுக்குச் சமமான வயது. வெப்பத்தூணிலிருந்து பிறந்த கல்லுக்கு உண்டான வேதிச் சேர்க்கையும் அதில் இருந்தது. இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். தோழியின் பெயருக்கு முன்னால் முனைவர் என்று இருந்தது, மதினியின் பெயருக்கு முன்னால் வெறுமை. பேராசிரியரின் புத்தகம் மறுபதிப்பு வந்தபோது அதில் ஒரு வரியும் மாறவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, இன்றைக்கும் வருகிறது. உண்மை ஒருநாள் தானாக வெல்லும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குப் பிடிக்காது. தானாக ஒன்றும் வெல்வதில்லை. மதினி வருஷக்கணக்கில் பார்க்கிற ஆளிடமெல்லாம் கல்லை நீட்டி, பொருத்திப் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்கிடையில் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது அந்தப் படுகையில் புதிதாகத் துளை போட்டிருக்கிறார்கள். கறுப்புக் கல் வந்திருக்கிறது, குமிழ் மேலே. சென்ற மாதம் பழைய பல்கலைக்கழகத்திலிருந்து இப்போதைய துறைத் தலைவர் போன் செய்தார். நல்ல பையன், பேச்சில் வெட்கம் தெரிந்தது. மதினிக்கு மெஷின் இரைச்சலில் காது கொஞ்சம் மந்தம் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் சுருளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். பழைய ஆய்வேட்டை அப்படியே சமர்ப்பிக்கலாம், விதியில் வழி கண்டுபிடித்துவிட்டோம் என்றார். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இல்லை என்று சொன்னால் பொய். பிறகு அவர் தயங்கி, "முன்னுரையில ஒரே ஒரு வரி மட்டும் மேடம். உங்க பழைய நெறியாளரோட வழிகாட்டுதல்ல இந்த முடிவுக்கு வந்தேன்னு. அவரும் ரொம்ப வயசாகிப் படுத்திருக்கார்" என்றார்.

 மதினி மேஜையில் கிடந்த நூல் பிசிரை விரலால் ஒதுக்கினாள். "அவருக்கு ஒடம்பு தேவலையாகணும் தம்பி. நானும் வேண்டிக்கிறேன். ஆனா அந்த வரிய எழுத மாட்டேன்" என்றாள். "எங்க அத்தை கல்லக் கழுவுனதாலதான் இந்த முடிவுக்கு வந்தேன். வேணும்னா அத எழுதுதேன். கையெழுத்துப் போடாதன்னு சொன்னதும் அவுகதான், அதையும் எழுதுதேன்." மறுமுனையில் அவர் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை அடக்கினார். அப்படி எழுதினால் குழு ஒத்துக்கொள்ளாது, பட்டம் கஷ்டம் என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"வருத்தப்படாதீக தம்பி. அந்தக் கல்லும் இத்தன கோடி வருசமா பட்டம் வாங்காமத்தான் இருக்கு" என்று சொல்லி மதினி போனை வைத்தாள்.  இந்த வயதில், கைக்கெட்டிய பட்டத்தை இப்படித் தள்ளுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பேச விடவில்லை. "ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? மழ வருதாப்புல இருக்கு, துணிய எடு" என்றாள். இருவரும் கொல்லைக்கு ஓடினோம்.